மேப் செயலிகளில் எதை, எந்த அளவுக்கு நம்பலாம்?

#1 புதுவழி

எனக்கு வேலையே வண்டி ஓட்டுவதுதான். பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் முன்பின் பார்த்திராத முகவரிகள். பழைய போன் ஒன்று, புதுப் போன் ஒன்று, இரண்டிலும் வேறுவேறு மேப் செயலி. பக்கத்தில் பக்கத்தில் மாட்டி ஓட்டிப் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. ஒன்று நேராகப் போ என்கிறது, மற்றது இடப்பக்கம் திரும்பு என்கிறது. போய்ச்சேரும் நேரமும் ஒத்துவரவில்லை. நான் மேம்பாலத்துக்குக் கீழே நிற்கும்போது ஒன்று என்னைப் பாலத்துக்கு மேலேயே ஏற்றிவிட்டது.

கூகுள் மேப்ஸ், ஆப்பிள் மேப்ஸ், வேஸ், ஹியர் வீகோ, ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ். இவற்றில் நம்பி ஓட்டக்கூடியது எது? "எல்லாம் ஒன்றுதான்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

#2 சந்துமுனை

கூகுள் மேப்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள். இழையை மூடிவிடலாம்.

#3 நுண்சில்லு

இவ்வளவு சீக்கிரம் மூட முடியாது அண்ணே.

"எது நம்பகமானது" என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. செயலியைத் திறந்ததும் நான்கு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பது ஒன்று. அங்கே என்னென்ன சாலைகள் இருக்கின்றன என்று தெரிந்து வைத்திருப்பது இன்னொன்று. அப்புறம் எந்தச் சாலையில் போவது என்று தேர்ந்தெடுப்பது, கடைசியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பது. ஒன்றில் கெட்டியாக இருக்கும் செயலி இன்னொன்றில் சொதப்பும்.

முதல் வேலை பெரும்பாலும் செயலியின் கையிலேயே இல்லை. போனில் உள்ள ஜிஎன்எஸ்எஸ் சில்லும் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் சிக்னல்களைப் பிடிப்பது) இயங்குதளமும் சேர்ந்து கணக்குப் போட்டுக் கொடுக்கும் இடத்தைத்தான் எல்லாச் செயலிகளும் வாங்கிக்கொள்கின்றன. வைஃபையையும் செல் கோபுரத்தையும் வைத்துச் சரிபார்ப்பதுகூட இயங்குதளத்தின் வேலைதான். அதனால் நீலப்புள்ளி பக்கத்துத் தெருவில் போய் நின்றால் செயலியை மாற்றிப் பெரிய பயன் இல்லை.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது 4 கோள்களின் சிக்னல் வேண்டும்: மூன்று இடத்தைக் கண்டுபிடிக்க, நான்காவது போனின் மலிவான கடிகாரத்தில் உள்ள பிழையை ஈடுகட்ட. திறந்தவெளியில் சாதாரண ஸ்மார்ட்போன் சுமார் 4.9 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே சொல்கிறது. இரு பக்கமும் உயரமான கட்டடங்கள் இருந்தால் கதையே வேறு. சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, 30 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வருகிறது என்று வையுங்கள். அது ஒரு மைக்ரோவினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம்தான். ஆனால் போன் அந்தக் கோள் 30 மீட்டர் தள்ளி இருப்பதாக நினைத்துக் கணக்கைப் போட்டுவிடும்.

இதற்குத்தான் வழக்கமான எல்1-ஓடு, கோள்கள் அனுப்பும் புதிய எல்5 அலைவரிசையையும் பிடிக்கும் போன்கள் வந்தன. 2018-இல் ஷாவ்மி மி 8 முதலில் வந்தது; ஐபோன்களில் 2022-இன் 14 ப்ரோ வரிசையில்தான் வந்தது. எல்5-இன் குறியீடு பழைய எல்1-ஐவிடப் பத்து மடங்கு வேகமாக ஓடுவதால், நேராக வந்த சிக்னல் எது, சுவரில் பட்டு வந்தது எது என்று பிரிப்பது சுலபம்.

ஆக, உங்கள் இரண்டு போன்களின் முடிவை வைத்து இரண்டு செயலிகளை எடைபோடுவது சரியில்லை. ஒரே போனில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

#4 இரவுஓட்டி

> செயலியை மாற்றிப் பயனில்லை

ஏட்டில் இப்படித்தான் இருக்கும். ஒரே போனில் இரண்டு செயலி திறந்து பார்த்தவன் நான். ஒன்று என்னை மேம்பாலத்தில் காட்டுகிறது, மற்றது கீழே சர்வீஸ் ரோட்டில் காட்டுகிறது. ஒரே சில்லு, ஒரே நிமிடம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#5 நுண்சில்லு

நல்ல கேள்வி. வரும் புள்ளி ஒன்றுதான், அதைச் சாலையில் ஒட்டும் விதம் வேறு.

வழிகாட்டி ஓடும்போது நீங்கள் பார்ப்பது உண்மையான புள்ளி அல்ல. சில்லு தரும் புள்ளி எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படியே காட்டினால் வண்டி வாய்க்காலிலும் வீட்டுக்கூடத்திலும் போவதுபோல் தெரியும். அதனால் செயலி அதை எடுத்து, பொருத்தமான சாலை எதுவோ அதன்மேல் ஒட்டிவிடுகிறது. எது பொருத்தம் என்பதற்கு ஒவ்வொரு செயலிக்கும் சொந்தக் கணக்கு உண்டு. பாலத்தில் ஏறச் சொல்லி வழி போட்டிருந்தால், நீங்கள் ஏறாவிட்டாலும் சிறிது நேரம் பாலத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும். பாலமும் கீழ்ச்சாலையும் மேலிருந்து பார்த்தால் ஒரே கோடு. உயரத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், ஜிபிஎஸ்ஸில் உயரப் பிழை கிடைமட்டப் பிழையைவிட அதிகம். ஆறேழு மீட்டர் உயரப் பாலத்துக்கு அதை நம்ப முடியாது. அடுத்த பிரிவில் நீங்கள் வேறு பக்கம் திரும்பியதும்தான் அதற்கு உறைக்கும்.

சந்தேகமாக இருந்தால் ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற செயலியைப் போட்டுப் பாருங்கள். ஒட்டு வேலை எதுவும் இல்லாமல், எத்தனை கோள் தெரிகிறது, ஒவ்வொன்றின் சிக்னல் வலு என்ன, எல்5 வருகிறதா என்று பச்சையாகக் காட்டும்.

#6 புதுவழி

போட்டுப் பார்த்தேன். பழைய போனில் எல்1 மட்டும். புதியதில் இரண்டும் வருகிறது, ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களும் வரிசையாகத் தெரிகின்றன. கட்டட இடுக்கில் பழையதின் புள்ளி ஏன் அப்படித் தள்ளாடியது என்று புரிகிறது.

#7 பச்சைமேப்

இரண்டாவது வேலைக்கு வருவோம், அதாவது மேப். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடுகின்றன. 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நடைபாதை, ஒற்றையடிப் பாதை, சைக்கிள் தடம், படிக்கட்டு, வாயிற்கதவு, சாலை தார் போட்டதா மண்ணா என்பதெல்லாம் இதில் கிடைக்கும் அளவுக்கு மற்றவற்றில் கிடைப்பதில்லை. மலைப்பாதைக்குச் சிரம அளவுகூடக் குறித்து வைத்திருப்பார்கள். 2021-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலைக்குக் கூகுள் மேப்ஸ் காட்டிய வழி உயிருக்கே ஆபத்தானது என்று அந்த மலையைப் பராமரிக்கும் ஜான் மியூர் டிரஸ்டும் மலையேற்ற அமைப்பும் எச்சரித்தது நினைவிருக்கிறதா? வண்டி நிறுத்துமிடம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து உச்சிக்குப் பாறைச் சரிவில் ஒரு புள்ளிக்கோடு. காருக்காகக் கட்டிய மேப்பை மலைக்கு எடுத்துப்போனால் இப்படித்தான் ஆகும்.

கால்நடையாகப் போவதற்கு என் ஓட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குத்தான்.

#8 இரவுஓட்டி

அவர் கேட்டது மலை ஏற அல்ல, பொருள் கொண்டுபோய்க் கொடுக்க. ஆர்கானிக் மேப்ஸில் நெரிசல் தெரியாது. கதவு எண் போட்டுத் தேடினால் பல இடங்களில் கிடைக்காது. கடை மாறி வருடக்கணக்கானாலும் பழைய பெயரே இருக்கும். போதாக்குறைக்கு எவன் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதைப் பெருமையாக வேறு சொல்கிறீர்கள்.

#9 பச்சைமேப்

நெரிசலும் கதவு எண்ணும் சரி, ஒத்துக்கொள்கிறேன். திருத்தும் விஷயத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய நிறுவனம் போட்ட மேப் என்றால் தப்பே வராதா?

2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலப் போலீஸ், ஆப்பிள் மேப்ஸை நம்பி மில்டுரா நகருக்குப் போகாதீர்கள் என்று அறிக்கையே விட்டது. நகரத்தை 70 கிலோமீட்டர் தள்ளி மரே-சன்செட் தேசியப் பூங்காவின் நட்டநடுவில் காட்டியிருக்கிறது. அங்கே தண்ணீர் கிடையாது. வெயில் 46 டிகிரி வரை போகும். சிலர் 24 மணி நேரம் வரை சோறு தண்ணீர் இல்லாமல் மாட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்பே, செப்டம்பரில், ஆப்பிள் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சரியாகும்வரை வேஸ், பிங் போன்ற போட்டியாளர்களின் செயலியைப் பயன்படுத்துங்கள் என்று எழுதினார்.

அதே 2012-இல் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று பவளக் கடலில் சாண்டி தீவைத் தேடிப் போனது. கூகுள் மேப்பில் இருந்தது. கடலில் இல்லை. பழைய கடல் வரைபடங்களிலிருந்து ஒன்றைப் பார்த்து ஒன்றாகக் காலங்காலமாக வந்த தப்பு.

#10 சந்துமுனை

அது எல்லாம் 2012. அதை வைத்து இன்றைய ஆப்பிள் மேப்ஸை மட்டம் தட்டுவது நியாயமில்லை. சொந்தமாகக் கார்களை ஓட்டி மேப்பை அடியிலிருந்து மறுபடி கட்டி, 2018-இலிருந்து வெளியிட்டார்கள். எந்த நாடு என்பதைப் பொறுத்தது. சில இடங்களில் தடம் காட்டுவதில் அதுதான் முன்னணி, சில இடங்களில் இன்னும் பாதி வெறுமை.

#11 வழித்துணை

புதிய சாலை மேப்பில் வராததைவிட, இல்லாமல் போன சாலை மேப்பிலிருந்து போகாததுதான் எனக்குப் பயம்.

புதிய சாலை தானாகத் தெரிந்துவிடும். நூறு போன்கள் வயலில் ஒரே கோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அங்கே சாலை இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டாம். உடைந்த பாலம் அப்படி இல்லை. அங்கே யாரும் போகவில்லை என்பதுதான் ஒரே அடையாளம். ஆனால் ஒதுக்குப்புறச் சாலையில் சாதாரண நாளிலும் யாரும் போவதில்லையே! பாலம் உடைந்ததா, ஆள் நடமாட்டம் குறைவா என்று கணினியால் பிரிக்க முடியாது. யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். சொன்னதை இன்னொருவர் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் வட கரோலினாவின் ஹிக்கரியில் 2013-இல் ஒரு பாலம் இடிந்தது. 2022 செப்டம்பரில், மழை பெய்த ஓர் இரவில், மேப் காட்டிய வழியில் போன ஒருவர் அங்கே விழுந்து இறந்தார். தடுப்பும் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் 2020-லேயே செயலிக்குள்ளேயே திருத்தம் அனுப்பியிருந்தார் என்று குடும்பத்தினர் 2023-இல் தொடுத்த வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். தடுப்பு வைக்காதவர்களின் பங்கும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் இடிந்து ஒன்பது வருடம் ஆகியும் அந்தக் கோடு திரையில் இருந்தது.

இரவு, மழை, அறிமுகம் இல்லாத சாலை மூன்றும் சேர்ந்தால் எந்தச் செயலியாக இருந்தாலும் நான் பெரிய சாலையை விட்டு இறங்குவதில்லை. மேப் ஆறு நிமிடம் மிச்சம் என்று ஆசை காட்டினாலும் சரி.

#12 இரவுஓட்டி

இதை ஆமோதிக்கிறேன். குறுக்கு வழி என்று ஒரு செயலி என்னை இழுத்துப்போய், வண்டி திருப்ப இடமில்லாத முட்டுச்சந்தில் நிறுத்தியிருக்கிறது. பெயர் எதற்கு, எல்லாமே ஒருநாள் செய்யும். கார் போகும் அகலமா என்பதை அது பார்ப்பதே இல்லையோ என்று தோன்றுகிறது.

#13 பச்சைமேப்

அகலம் தெரிந்தால்தானே பார்க்கும்? ஓஸ்மாண்டில் வண்டியின் உயரம், எடை, அகலம் எல்லாம் கொடுக்கலாம். ஆனால் சாலைக்கு யாராவது அந்த அளவைக் குறித்திருந்தால்தான் பலன்.

#14 அந்திவெயில்

நேரக் கணிப்புப் பற்றிக் கொஞ்சம்.

நெரிசல் சிவப்பு எங்கிருந்து வருகிறது? சாலையில் உள்ள மற்றவர்களின் போன் நகரும் வேகத்திலிருந்து. 2020-இல் சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மன் கலைஞர் 99 போன்களை ஒரு தள்ளுவண்டியில் போட்டு பெர்லின் தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். காலித் தெரு மேப்பில் சிவப்பானது. ஆள் அதிகம் உள்ள செயலிக்கு நெரிசல் நன்றாகத் தெரிவது இதனால்தான். இங்கே கூகுளை மிஞ்சுவது கஷ்டம். தங்கள் நேரக் கணிப்பு 97 சதவீதத்துக்கும் மேற்பட்ட பயணங்களில் சரியாக இருப்பதாக 2020-இல் அவர்களே சொன்னார்கள். "சரி" என்பதற்கு எவ்வளவு தளர்வு வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. வேஸை 2013-லேயே கூகுள் வாங்கிவிட்டது, ஆனால் செயலி தனியாகத்தான் ஓடுகிறது. விபத்து, பள்ளம், நின்றுபோன லாரி என்று ஓட்டுநர்களே தட்டிவிடும் செய்தி வேஸில் வேகமாக வரும். பயன்படுத்துவோர் குறைவான பகுதியில் அதே வேஸ் ஊமை.

அப்புறம், இரண்டு செயலிகள் இரண்டு வழி சொன்னால் ஒன்று தப்பு என்று அர்த்தமில்லை. 2021-இல் கூகுள் எரிபொருள் குறைவாகச் செலவாகும் வழியையே முன்னால் காட்டத் தொடங்கியது, நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால். வேஸ் ஒரு நிமிடம் மிச்சம் என்றாலும் சந்துக்குள் நுழையும் ரகம். அமைப்புகளில் சுங்கச்சாலை, நெடுஞ்சாலை, எரிபொருள் ஆகியவற்றில் எது இயக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

#15 புதுவழி

சிக்னல் இல்லாத இடம்? டேட்டா போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்கிறார்கள்.

#16 நுண்சில்லு

போகாது. ஜிபிஎஸ் வானிலிருந்து வருவது, டேட்டா வேண்டாம். டேட்டா இருந்தால் கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு இணையத்தில் சட்டென்று வந்துவிடும். இல்லாவிட்டால் அதைக் கோளிடமிருந்தே வினாடிக்கு 50 பிட் வேகத்தில் வாங்க வேண்டும். ஒரு கோளின் குறிப்புக்கு அரை நிமிடம், முழுப் பட்டியலுக்கு 12.5 நிமிடம். டேட்டா இல்லாத இடத்தில் முதல் புள்ளி தாமதமாவது இதனால்தான். வண்டியை எடுக்கும் முன் திறந்தவெளியில் சற்று நின்றால் போதும்.

மேப்பை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்க வேண்டும் என்பதுதான் விஷயம். ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ், ஹியர் வீகோ மூன்றும் இதற்கென்றே பேர்போனவை. ஆப்பிளில் 2023-இன் ஐஓஎஸ் 17 முதல் உண்டு. கூகுளில் ஆஃப்லைனில் கார் வழி மட்டும் கிடைக்கும், நடை வழி கிடைக்காது, மாற்று வழியும் காட்டாது. பதிவிறக்கியதைப் புதுப்பிக்காவிட்டால் காலாவதியும் ஆகும்.

சுரங்கப்பாதையில் ஜிபிஎஸ் வரவே வராது. போன் தன் சென்சார்களை வைத்து ஊகித்து ஓட்டும். சில சுரங்கங்களில் வேஸ் 2016 முதல் புளூடூத் கருவிகளைப் பொருத்திச் சமாளிக்கிறது.

#17 வழித்துணை

இன்னொரு ரகமும் உண்டு. 2024-இல் இஸ்ரேலில் இருந்தவர்களின் போன்கள் பெய்ரூட் விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின, பொய்ச் சிக்னல். அதே ஆண்டு ஜிபிஎஸ் இடையூறு காரணமாக ஃபின்லாந்து விமான நிறுவனமான ஃபின்ஏர் எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்கான விமானங்களை ஒரு மாதம் நிறுத்தியது. அங்கேயெல்லாம் எந்தச் செயலி என்ற கேள்வியே எழாது.

#18 சந்துமுனை

போர்க்களத்தில் யாரும் பார்சல் கொடுக்கப்போவதில்லை. இழைக்கு வருவோம்.

#19 அந்திவெயில்

வருகிறேன். அவருடைய வேலைக்கு நேரத்தைத் தின்பது வழி இல்லை, கடைசி 50 மீட்டர்தான் என்பது என் ஊகம். சரியா புதுவழி?

முகவரியைப் போட்டால் செயலி அதை ஒரு புள்ளியாக மாற்றும். அந்தப் புள்ளி வாசலில் விழுவது அபூர்வம். கட்டடத்தின் நடுவிலோ மனையின் நடுவிலோ விழும். வழிபோடும் பகுதி அந்தப் புள்ளிக்குக் கிட்டத்தில் எந்தச் சாலை என்று பார்க்கும். பின்பக்கத் தெரு இரண்டு மீட்டர் கிட்டத்தில் இருந்தால் போதும், உங்களைக் கொண்டுபோய்ப் பின்சுவருக்கு எதிரே நிறுத்திவிட்டு "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று வாய் கூசாமல் சொல்லும். நடுவில் இருப்பது சுவர் என்று அதற்குத் தெரியாது. பெரிய வளாகம் என்றால் பூட்டிய வாயிலில் நிறுத்தும்.

#20 புதுவழி

அப்படியே என் கதை! ஒரு மருத்துவமனையின் பிணவறைப் பக்கக் கதவில் பூங்கொத்தோடு நின்றிருக்கிறேன்.

#21 அந்திவெயில்

:) வாடிக்கையாளரிடம் முகவரிக்குப் பதில் வாசலில் நின்று லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். "வாசலில் நின்று" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். படுக்கையறையிலிருந்து அனுப்பினால் கான்கிரீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் அடுத்த வீட்டில் விழும். வழக்கமான வாடிக்கையாளர் என்றால் பிளஸ் கோடு வாங்கி வையுங்கள். பத்து எழுத்துக் கோடு ஏறக்குறைய 14 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும், ஓர் எழுத்துக் கூட்டினால் நான்கு மீட்டருக்கும் கீழே வந்துவிடும். கூகுளில் பிறந்தது என்றாலும் திறந்த முறை, ஓஸ்மாண்டிலும் தேடலாம்.

#22 புதுவழி

சரி, இப்படிச் செய்யப்போகிறேன். புதுப் போன் மட்டும். பகலில் கூகுள், நெரிசலுக்காக. ஆர்கானிக் மேப்ஸைப் பதிவிறக்கி வைத்துக்கொள்கிறேன், கடைசிச் சந்தில் வாயில் எந்தப் பக்கம் என்று பெரிதாக்கிப் பார்க்க. இரவில் குறுக்கு வழி கிடையாது. வாசல் லொகேஷன் வராமல் வண்டியை எடுப்பதில்லை.

#23 இரவுஓட்டி

ஆப்பிள், வேஸ் இரண்டையும் ஒரு வாரம் உங்கள் வழித்தடத்திலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் பகுதியில் வேஸ்தான் ஜெயிக்கிறது. உங்கள் பகுதியில் என்னவென்று இங்கே யாராலும் சொல்ல முடியாது.

#24 பச்சைமேப்

வாயில் தப்பாக இருந்தால் பார்த்துவிட்டுச் சும்மா போகாதீர்கள். ஆர்கானிக் மேப்ஸிலிருந்தே திருத்தலாம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு ஒன்று இருந்தால் போதும்.

#25 புதுவழி

செய்கிறேன். ஒரு சின்னச் சந்தேகம், இழைக்குச் சம்பந்தம் இல்லைதான். இரு சக்கர வண்டியில் போனை மாட்டினால் கேமரா போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

#26 நுண்சில்லு

உண்மைதான். பைக் எஞ்சினின் அதிர்வு கேமராவின் நிலைப்படுத்தும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் வாங்குங்கள், இல்லாவிட்டால் பழைய போனை மாட்டிவிட்டு, புதியதைப் பையில் போட்டு ஹாட்ஸ்பாட் கொடுங்கள்.

#27 புதுவழி

பழையதில் எல்5 இல்லையே!

#28 நுண்சில்லு

அப்போது ரப்பர்தான்.